டைட்டன் மணலும் ஒற்றைத் தும்மலும்

கணக்கு சரியாக வந்துவிட்டால் காரியமும் சரியாக வந்துவிடும் என்று நம்புகிற வயது ஒன்று உண்டு. சிலருக்கு அது பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும். எனக்குப் பொறியியல் கடைசி வருடம் வரை நீடித்து, அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று காலையில் முடிந்தது.

அப்போது கல்லூரிகளுக்கு இடையே ஒரு போட்டி நடந்தது. சனிக் கோளைச் சுற்றும் டைட்டன் என்ற நிலாவில் இடம்விட்டு இடம் பறந்து இறங்கி ஆராயும் கலம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். அதன் மாதிரியைச் செய்து, மணலில் இறங்கும்போது புழுதி எப்படிக் கிளம்புகிறது என்று படம் பிடித்து அனுப்ப வேண்டும். டைட்டன் ஒரு விசித்திரமான ஊர். காற்று இங்கிருப்பதைப் போல நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தி. எடையோ ஏழில் ஒரு பங்குதான். கைக்கு ஒரு முறத்தைக் கட்டிக்கொண்டு வேகமாக அடித்தால் மனிதர்களே பறந்துவிடலாம். (எங்கள் மாமாவுக்கு மட்டும் நாலு முறம் வேண்டும்.)

வீட்டில் இதை விளக்கியபோது அம்மாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். "சுமதிக்கு நிச்சயம் முடியற வரைக்கும் சனி கினின்னு வாயத் தொறக்காத. நிலான்னு சொல்லு, போதும்." அதன் பிறகு நான் நிலா என்றே சொல்லிவந்தேன்.

எட்டு விசிறிகளும் இரண்டு சறுக்குக் கால்களுமாகக் கலம் தயாராகிவிட்டது. மணல்தான் பாக்கி. டைட்டனின் மணல் கரும்பழுப்பு நிறம், மிக இலேசானது. நம் ஆற்று மணல் உதவாது. பட்டியல் போட்டேன். (பட்டியல் போடாமல் நான் பல்கூட விளக்குவதில்லை.) மரத்தூள்: நிறம் சரியில்லை. காபித்தூள்: நிறம் சரி, அம்மா சம்மதிக்கவில்லை. மூன்றாவதை எழுதியதுமே அடிக்கோடு போட்டேன். எங்கள் கொல்லையை ஒட்டி மாமாவின் புகையிலைக் குடோன் இருந்தது. அதில் கூட்டி அள்ளிய தூள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. டைட்டன் மணலுக்கு இத்தனை நெருக்கமான பொருள் திண்டுக்கல்லை விட்டால் எங்கும் கிடைக்காது என்று அறிக்கையில் பெருமையாக எழுதினேன்.

படத்தை அனுப்பக் கடைசி நாளும் நிச்சயதார்த்தமும் ஒரே நாளில் வந்து நின்றன. மாப்பிள்ளை வீட்டார் தொப்பம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள். நல்ல மனிதர்கள். ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா சகுனம் பார்ப்பவர். முதலில் குறித்த தேதி, அவர் கிளம்பும் நேரத்தில் ஒரு பல்லி தவறான திசையிலிருந்து கத்தியதால் ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது.

"இன்னொரு தடவ தள்ளிப்போச்சுன்னா நான் ஓடிப் போயிருவேன்டி," என்றாள் அக்கா.

"யார் கூட?"

"அவரு கூடத்தான்."

கொல்லைப் பந்தலில் எல்லோரும் உட்கார்ந்து, ஐயர் நிச்சயப் பத்திரிகையை வாசிக்க ஆரம்பித்ததும் நான் குடோனுக்குள் நழுவினேன். செத்த நேர வேலைதான். பேட்டரி சூடாவது, விசிறி உடைவது என்று எட்டு ஆபத்துகளை எழுதி, எட்டுக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். கண்ணாடியும் முகக்கவசமும்கூட மாட்டிக்கொண்டேன். (எனக்கு மட்டும்.)

கலம் எழுந்தது, மிதந்தது, அழகாக இறங்கியது. புழுதி முழங்கால் உயரம்தான் கிளம்பும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்கு சரிதான், ஆனால் அது டைட்டனுக்கான கணக்கு. திண்டுக்கல்லின் மெல்லிய காற்றில் திண்டுக்கல் எடையைத் தூக்கும் விசிறிகள் எத்தனை வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும் என்பது, தூள் கூரையைத் தொட்டபோதுதான் உறைத்தது. கேமராவில் எதுவும் தெரியவில்லை. படம் தெளிவாக வரட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். அது பந்தலைப் பார்த்துத் திறந்திருந்தது ஒன்பதாவது ஆபத்து.

முதலில் தும்மியவர் ஐயர். வாசிப்பு நின்றது. நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பெரியப்பா கையை உயர்த்திவிட்டார். "ஒத்தத் தும்மலுங்க. இன்னிக்கு வேண்டாமுங்க."

மாமா விடவில்லை. "செத்த பொறுங்க, இன்னொன்னு வரும்," என்றார், டவுன் பஸ்ஸுக்குச் சொல்வது போல.

வந்தது, ஆனால் மாப்பிள்ளையிடமிருந்து. இரண்டும் ஒரே மூக்கிலிருந்து வந்தால்தான் இரட்டை என்றார் பெரியப்பா. அதற்குள் மாப்பிள்ளையின் அத்தை, எங்கள் சித்தி, நாயனக்காரர் என்று வரிசையாகத் தொடங்கிவிட்டார்கள். பெரியப்பா விரல் விட்டு எண்ணி ஒற்றைப்படை என்றார். மாமா தன்னுடையதையும் சேர்த்து இரட்டைப்படை என்றார். அக்காவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துக்கமா புகையிலையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்போது பெரியப்பாவே தும்மினார், ஒரே ஒரு தடவை.

பந்தல் மொத்தமும் அவர் மூக்கையே பார்த்தது. இரண்டாவது வரவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளையும் வேறு வழியில்லாமல் பாதி எழுந்துவிட்டார். அக்கா தலையைத் திருப்பி, நேராகக் குடோனைப் பார்த்தாள்.

ஒரு பொறியாளர் செய்ய வேண்டியதைச் செய்தேன். மீதி இருந்த மூட்டையைக் கவிழ்த்து, கலத்தை மறுபடியும் கிளப்பினேன்.

பெரியப்பா வாசலை நோக்கி நாலடி வைத்திருப்பார். நின்றார். முகத்தை வானத்துக்குத் தூக்கினார். அந்தத் தும்மலில் துண்டு தோளிலிருந்து விழுந்தது.

"ரெட்டைங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "மாத்துங்க தட்ட, அடுத்தது வர்றதுக்குள்ள."

தட்டு மாறியது. குடோனுக்குள் விசிறிகள் ஓய்ந்தன. தலை முதல் கால் வரை பழுப்பாக நான் வெளியே வந்தபோது, என்னடி இது என்று அம்மா கேட்டார். சனி என்ற சொல்லைத் தவிர்த்து எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்: "எறங்கிருச்சும்மா."

போட்டியில் பரிசு இல்லை. புழுதி மிக இயல்பாக இருப்பதாகவும், பின்னணியில் விட்டுவிட்டுக் கேட்கும் வெடிப்பொலி எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று புரியவில்லை என்றும் நடுவர்கள் எழுதியிருந்தார்கள்.

இன்று நான் பெங்களூரில் ட்ரோன் வடிவமைக்கிறேன். அக்கா தொப்பம்பட்டியில் இருக்கிறாள். இரண்டு குடும்பத்திலும் யார் தும்மினாலும், பக்கத்தில் இருப்பவர் "எறங்கிருச்சா?" என்றுதான் கேட்பார். பெரியப்பா மட்டும் இதில் சிரிப்பதில்லை. நடந்தது முழுக்க அவருக்குத் தெரியும். எப்படி வந்தாலும் இரட்டை இரட்டைதான் என்பது அவர் கட்சி. போன மாதம் அலுவலகத்தில் முக்கியமான கூட்டத்தின் நடுவே அவரிடமிருந்து போன். மறுநாள் காலையில் ஒட்டன்சத்திரத்தில் ஒரு தோட்டத்தைக் கிரயம் பேசப் போகிறாராம். கிளம்பும்போது ஒற்றையாக வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று யோசனையாக இருக்கிறதாம்.

"ஏனுங்க அம்மிணி," என்றார் குரலைத் தாழ்த்தி, "அந்த மிசினு இன்னும் உங்ககிட்டத்தான் இருக்குதுங்களா?"