உங்கள் அக்காள் கடவுளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதில் பாதி பொய்யாகிவிடும். நான் நலம், உங்கள் அக்காள் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். பயப்படும்படி ஒன்றும் இல்லை, கடவுள் சத்தியமாகச் சொல்கிறேன், எலும்புக்குச் சேதமில்லை, சுளுக்குத்தான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் இதற்கெல்லாம் மூல காரணம் நீங்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் இங்கே வந்திருந்தபோது, கேரம் ஆட்டத்தில் என்னிடம் தோற்றுவிட்டு, என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, என் சாய்வு நாற்காலியில் நீங்கள் சாய்ந்துகொண்டு, கடவுள் பெயரைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆண்டவன் என்றால் நம்மை ஆள்கிறவன், இறைவன் என்றால் எங்கும் நிறைந்தவன், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொருள் உண்டு, அது தெரியாமல் வாய்க்கு வந்தபடி அவனை இழுக்கக் கூடாது என்றீர்கள். நானோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். யார் வேண்டும், என்ன விஷயம் என்று கேட்டுக் கேட்டு, சரியான இடத்துக்கு இணைப்புக் கொடுத்தே தலை நரைத்தவன். நீங்கள் சொன்னது எனக்குச் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஆள்கிறவனிடம் கேட்க வேண்டியது வேறு, அருள்கிறவனிடம் கேட்க வேண்டியது வேறு. பிரித்துக் கூப்பிட்டால்தானே லைன் கிடைக்கும்?

உங்கள் அக்காளைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா. முட்டி வலிக்காரி. உட்கார்ந்தால் ஒரு ‘ஆண்டவா’, எழுந்தால் ஒரு ‘ஆண்டவா’, மாடி ஏறினால் படிக்கு ஒன்று, கொட்டாவிக்குத் தனி. நீங்கள் ஊருக்குப் போன மறுநாளே நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். அவள் “ஆண்டவா” என்று நாற்காலியில் உட்கார்ந்ததும், என்ன விஷயமாகக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். சும்மா கூப்பிடக் கூடாது, உன் தம்பியே சொல்லியிருக்கிறார் என்றேன். வீட்டுச் சாவி தொலைந்த அன்றும் அதே ‘ஆண்டவா’தான்; தொலைந்த சாவிக்கு ஆள்கிறவன் எதற்கு, எல்லாம் அறிந்தவனே என்று கூப்பிடு என்று திருத்தினேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது, அது வேறு விஷயம். பிறகு ஒரு நாள் பால் பொங்கியது. அவள் வாயைத் திறந்தாள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன், பாலுக்கு எந்தப் பெயர் பொருத்தம் என்று நான் தீர்மானிப்பதற்குள் பாத்திரத்தில் பால் இல்லை, அடுப்பில்தான் இருந்தது. அன்றிலிருந்து உங்கள் அக்காள் கடவுளைக் கூப்பிடுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். என்னிடம் பேசுவதும் பாதியாகக் குறைந்துவிட்டது.

ஆரம்பத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போகப்போகத்தான் வீடு வீடாக இல்லை என்று தெரிந்தது. மாப்பிள்ளை, அந்த ‘ஆண்டவா’வை வைத்துத்தான் இத்தனை காலமும் அவள் எந்த அறையில் இருக்கிறாள், வலி கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்றெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது அறை அறையாகப் போய் எட்டிப் பார்க்கிறேன். வேவு பார்க்கிறேனா என்று முறைக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை துணி காயப்போட மாடிக்குப் போனவள், இறங்கும்போது கடைசிப் படியில் சறுக்கி விழுந்துவிட்டாள். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ‘ஆண்டவா’ என்று ஒரு குரல் வரவில்லை. விளம்பரம் வரைக்கும் படித்து முடித்து, டீ இன்னும் வரவில்லையே என்று எரிச்சலோடு எழுந்து போனால், பக்கெட் ஒரு பக்கம் உருண்டு கிடக்கிறது, உங்கள் அக்காள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், கண்ணெல்லாம் தண்ணீர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “ஏம்மா, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?” என்றேன்.

“எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றாள்.

கடவுள் சத்தியமாக, கோபத்தில் சொன்னாளா, நிஜமாகவே யோசித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கைத்தாங்கலாகக் கூட்டி வந்து படுக்க வைத்த பிறகு அவளாகவே மெதுவாகச் சொன்னாள்: “இத்தனை வருஷமா நான் கூப்பிட்டப்போ எல்லாம் அவர் வந்தாரான்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க அடுத்த ரூம்ல இருந்து ‘என்னம்மா’ன்னு கேப்பீங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.” அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது, மாப்பிள்ளை.

இனி எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல், காரணமே கேட்க மாட்டேன் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டேன். தம்பி சொன்னது சொன்னதுதான் என்கிறாள். கட்டு மாற்றும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கிறாள், பார்க்கச் சகிக்கவில்லை. ஆகவே நீங்கள் உடனே உங்கள் கைப்பட அவளுக்கு நாலு வரி எழுத வேண்டும். மாடிப்படிக்கும் பாலுக்கும் சாவிக்கும் கொட்டாவிக்கும் ‘ஆண்டவா’ செல்லும் என்று எழுதுங்கள். கடவுள் சத்தியமாக, அடுத்த முறை வரும்போது சாய்வு நாற்காலி உங்களுக்குத்தான். பிரசங்கம் மட்டும் வேண்டாம்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். நீங்கள் அனைவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க அவனை, எந்தப் பெயரால் என்பதை உங்களிடமே விட்டுவிட்டு, வேண்டிக்கொள்ளும்

உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் தள்ளிவிடுங்கள். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி உங்கள் அக்காளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். பிழையை விட்டுவிட்டு, ‘கடவுள் சத்தியமாக’ என்று நான் எழுதிய இடங்களை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தாள். “தம்பி அன்னிக்குச் சொன்னது உங்களைத்தாங்க. கேரம் காயைக் கையால நகர்த்திட்டு, கடவுள் சத்தியமா நகர்த்தலைன்னீங்களே, அதுக்கு” என்றாள். அப்போதே தெரியுமாம், நான் எவ்வளவு தூரம் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். காயை நகர்த்தவில்லை என்று சத்தியம் செய்ய வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நகர்த்தினேன், மாப்பிள்ளை. உறையில் போட்டு ஒட்டலாம் என்று முன்னறைக்கு வந்தால், உள்ளேயிருந்து ‘ஆண்டவா’ என்று சத்தம் கேட்கிறது. கூப்பிடுகிறாள், போகிறேன்.