பல்லைக் காட்டும் படலம்

கிள்ளானில் கடைகளுக்கு உரிமம் கொடுக்கிற அலுவலகம் ஒன்று இருக்கிறது. எந்த அலுவலகம் என்று கேட்டுவிடாதீர்கள். நாளைக்கு நீங்களும் நானும் அங்கேதான் போய் நம்பர் எடுத்து உட்கார வேண்டும். அதன் மூன்றாம் கவுண்டரில் இருப்பவர் ரெங்கசாமி. பொதுமக்களில் ஒருவரிடமும் அவர் 'முடியாது' என்று சொன்னதில்லை. விண்ணப்பப் பாரத்தை வாங்குவார், புரட்டுவார், தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே வந்தவருக்குப் புரிந்துவிடும், இன்றைக்கு நடக்காது என்று. இப்படிச் சிரித்துச் சிரித்தே சிறந்த சேவையாளர் விருதுக்கு அவர் பெயர் போயிருந்தது.

விருது என்றால் சும்மா இல்லை. பண்டமாரானில் அவர் வீட்டு ஹாலில் அதை மாட்ட ஆணி அடித்தாகிவிட்டது. மனைவி தனலெட்சுமி பிரிக்பீல்ட்ஸ் போய்ப் புடவை எடுத்து, ரவிக்கையும் தைக்கக் கொடுத்துவிட்டாள். சம்பந்தி வீட்டுக்கும் சொல்லியாயிற்று. அங்கேதான் சிக்கல். ஊருக்குச் சொன்னதை மாற்றிச் சொல்லலாம், சம்பந்தி வீட்டுக்குச் சொன்னதை மாற்றிச் சொல்ல முடியுமா? விருதுக்கு இருந்த விதி ஒன்றே ஒன்று. விருது கொடுக்கிற வெள்ளிக்கிழமை அன்று அவர் பெயரில் தீராத புகார் எதுவும் இருக்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்து சீதாலெட்சுமி வந்து சேர்ந்தார்.

அவருக்கும் பண்டமாரான்தான். வடைக்கடை வைத்திருக்கிறார். லைசென்ஸ் முடிந்துபோனதால் கடை சாத்திக் கிடக்கிறது. விதிப்படி பார்த்தால் குற்றம் அவர் மேல்தான். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், அவர் 'லெட்சுமி'. அந்தக் காலத்தில் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி காதில் விழுந்தபடி எழுதியது. பாரத்தை நிரப்பிக் கொடுத்த அக்கா மகள் படித்த பெண், 'லட்சுமி' என்று திருத்தி எழுதிவிட்டாள். லெட்சுமியும் லட்சுமியும் ஒரே ஆள்தான் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார் ரெங்கசாமி. கொண்டுவந்தார். கடிதத்தில் சாப், அதாவது முத்திரை, இல்லை. சாப் அடித்துக் கொண்டுவந்தார். சாப் நீல நிறத்தில் இருந்தது. ரெங்கசாமி தலையைச் சாய்த்துச் சிரித்தார்.

"வர்றப்பெல்லாம் பல்லைக் காட்டுறீங்களே அண்ணே," என்றார் சீதாலெட்சுமி, ஹால் முழுக்கக் கேட்கும்படி. "லைசென்ஸை மட்டும் கண்ணுல காட்ட மாட்டேங்கிறீங்க. இவரு பல்லைக் காட்டுறதைப் பார்க்கவா நான் பஸ் ஏறி வர்றேன்?"

மேலதிகாரி யுகேந்திரன் அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தார். இளைஞர், வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவர், பெயர் வாங்கத் துடிப்பவர். தமிழர்தான். ஆனால் அவர் தமிழ் சாப்பாட்டு மேசையோடு நின்றுவிட்டது. 'இன்னும் கொஞ்சம் ரசம்' வரைக்கும் தடங்கல் இல்லாமல் பேசுவார். அவர் ரெங்கசாமியை அறைக்குள் அழைத்தார்.

"அங்கிள், அந்த ஆன்டி என்ன கம்ப்ளெயின் பண்றாங்க? பல்லுன்னாங்க. உங்க பல்லா?"

உண்மையைச் சொல்ல ஆண்டவன் கொடுத்த வாய்ப்பு அது. ரெங்கசாமி யோசித்தார். வேலை நடக்கவில்லை என்ற புகார் என்றால் தலைமையகத்துக்குப் போகும், விசாரணை வரும், விருது போகும், சம்பந்தி சிரிப்பார். பல்லைப் பற்றிய புகாருக்கு யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

"பல்லுதான் சார்," என்றார்.

"அதைப் பார்க்க அவங்களுக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கலை போல சார்."

"எங்க, காட்டுங்க."

ரெங்கசாமி காட்டினார். எத்தனையோ வருஷத்துத் தே தாரிக் டீக்கறை அங்கே படிந்திருந்தது. யுகேந்திரன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அவங்க சொல்றதுல பாயின்ட் இருக்கு லா, அங்கிள்."

மறுநாளே 'பற்களை வெண்மையாக்கும் வழிமுறைகளின் பாதுகாப்பு மற்றும் பயன்திறன் குறித்த சிறப்புச் செயற்குழு' அமைக்கப்பட்டது. தலைவர் யுகேந்திரன். உறுப்பினர், ஸ்டோர் பொறுப்பாளர் குகன். ஆய்வுப் பொருள், ரெங்கசாமியின் வாய். பல்லின் நிறத்தை அளக்கப் பல் மருத்துவர்களிடம் ஓர் அட்டை உண்டாம். அதை வாங்க அலுவலகத்தில் வழிமுறை இல்லை. ஆகவே பக்கத்து ஊரான மேருவில் உள்ள சாமான் கடையிலிருந்து குகன் பெயின்ட் அட்டையைக் கொண்டுவந்து, ரெங்கசாமியின் வாயருகே பிடித்து, ஒவ்வொரு கட்டமாக இறங்கினார்.

"முல்லைப்பூ இல்ல சார். தேங்காய்ப்பால் இல்ல. தந்தமும் இல்ல. இது வெளிச்சுவர் கலர்ல வருது சார்."

"எந்தக் கலருக்குக் கொண்டுவரணும்?"

"நம்ம ஆபீஸ் சுவர் கலருக்கு ஏற்கனவே அப்ரூவல் இருக்கு சார். அதையே வைச்சுக்கிட்டா புதுசா எழுத வேண்டியதில்ல."

அப்படியே தீர்மானிக்கப்பட்டது. பாதுகாப்பு என்றால் என்ன என்பதையும் குழு வரையறுத்தது: பின்னால் யாரும் வந்து கேள்வி கேட்காமல் இருப்பது. பயன்திறன் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் வெளுப்பது.

வீட்டில் தனலெட்சுமி அதற்கு முன்பே களத்தில் இறங்கிவிட்டாள். எலுமிச்சையைப் பிழிந்து, சோடா மாவைக் குழைத்து, "தேயுங்க. பித்தளைக் குத்துவிளக்கே பளபளங்குது, உங்க பல்லு எம்மாத்திரம்," என்றாள். தேய்த்தார். அடுத்து பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கறுப்புப் பொடி டப்பா ஒன்று வாங்கிவந்தாள். அடுப்பில் கிடக்கிறபோது கரி, டப்பாவுக்குள் போய்விட்டால் 'சார்கோல்'. அதையும் தேய்த்தார். பல் வெளுத்ததோ இல்லையோ, குளிர்ந்த தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரைக்கும் சுரீர் என்றது. வாஷ்பேசின் மட்டும் கறுத்துப்போய், அதை வெளுக்க அவள் தனியாக ஒரு நாள் தேய்த்தாள்.

கடைசியில், பிரிக்பீல்ட்ஸில் பல் மருத்துவம் பார்க்கிற டாக்டர் கார்த்திகாவிடம் ரெங்கசாமி போனார். டாக்டர் கண்ணாடி வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"அங்கிள், பல்லு இயற்கையிலேயே கொஞ்சம் மஞ்சள்தான். வெளுத்ததெல்லாம் பால் இல்ல. நீங்க தேய்ச்ச எலுமிச்சையும் கரியும் பல்லோட மேல்பூச்சைத் தேய்ச்சிருக்கு. அது போனா திரும்ப வளராது. ஈறும் வீங்கியிருக்கு. முதல்ல கறையைச் சுத்தம் பண்ணுவோம், ஈறு ஆறட்டும். அதுக்கப்புறமும் வேணும்னா, ஈறுல படாம அளவா மருந்து வைச்சு வெளுக்கலாம். கொஞ்ச நாள் கூசும், அப்புறம் சரியாயிடும். இன்னொண்ணு, முன்னால இருக்கிற இந்தப் பல்லு உங்களுது இல்லையே?"

"மேல கேப் மாட்டினது டாக்டர். மோனோரயில் படியில விழுந்துட்டேன்."

"எந்த மருந்து வைச்சாலும் அது வெளுக்காது. அதையும் தெரிஞ்சுக்குங்க."

"எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமா டாக்டர்?"

டாக்டர் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ரெங்கசாமிக்குத் தெரிந்த சிரிப்பு. எழுந்து வந்துவிட்டார்.

இரண்டு கட்டிடம் தள்ளி, புடவைக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அழகு நிலையம். வாசலில் பல் வரிசையை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். உள்ளே மலர் என்ற பெண் பூப்போட்ட மாஸ்க்கோடு வரவேற்றாள்.

"ஒரே சிட்டிங் அங்கிள். ஜெல் போட்டு, நீல லைட் காட்டினா முடிஞ்சது."

"பாதுகாப்பானதாம்மா?"

"இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்து கேட்டதில்ல அங்கிள்."

செயற்குழுவின் வரையறைக்கு அது அட்சரம் பிசகாமல் பொருந்தியது. இருந்தாலும் ரெங்கசாமி கடமை தவறாதவர். சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸைப் போய்ப் பார்த்தார். அது முடி வெட்டுவதற்கான லைசென்ஸ். பல் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் பெயரில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை, சாப்பும் கறுப்பில் இருந்தது. திருப்தியோடு போய்ச் சாய்ந்து படுத்தார்.

எழுந்தபோது பல் வெளுத்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஈறும் சேர்ந்து வெளுத்திருந்தது. அந்தக் கேப் மட்டும் பழைய விசுவாசத்தோடு மஞ்சளாகவே நின்றது. வாயைத் திறந்து காற்று பட்டால் போதும், கண்ணில் பொறி பறந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, நாலு எழுத்துப் படித்த தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை கவுண்டரில் ஒரு வினோதம் நடந்தது. முதல் ஆள் பாரத்தை நீட்டினார். ரெங்கசாமி புரட்டினார், தலையைச் சாய்த்தார், வழக்கம்போல் சிரிக்கப் போனார். ஏர்கான் காற்று பல்லில் பட்டது. வாயை டப்பென்று மூடிக்கொண்டார். சிரிக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. பாரமோ கையில் இருக்கிறது. இந்த நிலைமையில் ஓர் அரசு ஊழியர் என்னதான் செய்வார்? வேறு வழியில்லாமல் சாப்பை எடுத்துக் குத்திக் கொடுத்துவிட்டார். அடுத்தவர் வந்தார். அவருக்கும் குத்தினார். மத்தியானத்துக்குள் ஹாலில் பாதி நாற்காலி காலி. என்னமோ ஏதோ என்று காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலையில், புகாரை முடித்துவைக்க யுகேந்திரனே சீதாலெட்சுமியை மூன்றாம் கவுண்டருக்கு வரவழைத்தார். பக்கத்தில் குகன், கையில் பெயின்ட் அட்டை.

"ஆன்டி, இப்ப பாருங்க. அங்கிள், காட்டுங்க."

ரெங்கசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு காட்டினார். சீதாலெட்சுமி குனிந்து பார்த்தார்.

"எல்லாம் வெள்ளையா இருக்கு, நடுவுல ஒண்ணு மட்டும் மஞ்சளா இருக்கே அண்ணே?"

"அது பொய்ப் பல்லு அக்கா," என்றார் ரெங்கசாமி, உதட்டைப் பிரிக்காமல்.

"சரியாப் போச்சு. இருக்கிறதுல பொய்ப் பல்லு ஒண்ணுதான் நெஜக் கலர்ல இருக்கு."

ரெங்கசாமிக்கு அது பல்லைவிட ஆழமாகச் சுருக்கென்றது. வெட்கமாக இருந்தது. கோப்புத் தட்டின் அடியில் கிடந்த சீதாலெட்சுமியின் பாரத்தை உருவினார். லெட்சுமியோ லட்சுமியோ, நீலமோ கறுப்போ, ஒன்றையும் பார்க்கவில்லை. குத்தினார். சீதாலெட்சுமி லைசென்ஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஆன்டி, இப்ப ஹேப்பியா?" என்றார் யுகேந்திரன்.

"ஹேப்பிதான் தம்பி. இதுக்கு எதுக்கு இவரு வாயைப் புண்ணாக்கினீங்க?"

அப்போது ரெங்கசாமி, வலித்தாலும் பரவாயில்லை என்று வாயைத் திறந்தார்.

"சார், பல்லைக் காட்டுறதுன்னா பல்லு இல்ல சார். வேலையைச் செய்யாம சும்மா இளிக்கிறதுன்னு அர்த்தம். அவங்க சொன்னது அதைத்தான்."

யுகேந்திரன் குகன் கையிலிருந்த பெயின்ட் அட்டையை வாங்கி மடித்தார். "அங்கிள், வேலை நடக்கலைன்னு புகார் வந்தா அதைத் தீர்க்க நம்மகிட்ட சிஸ்டம் இல்ல. பல்லுக்கு இருக்கு, முடிச்சும் வைச்சாச்சு. பல்லுன்னே இருக்கட்டும் லா."

அறிக்கை மேலே போனது. பல் வெளுத்த முதல் நாளிலேயே கவுண்டரில் கூட்டம் பாதியாகக் குறைந்ததால், வெளுப்பதன் பயன்திறன் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது. மற்ற அலுவலகங்களும் பின்பற்றுமாறு சுற்றறிக்கை பறந்தது. வெள்ளிக்கிழமை ரெங்கசாமி மேடையேறினார். குளிரூட்டிய மண்டபத்தில் போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எவ்வளவு பணிவான மனிதர் என்று சம்பந்தியம்மாளே சொன்னாராம்.

டாக்டர் சொன்னபடி சில நாளில் கூச்சம் போய்விட்டது. சிரிப்பு திரும்பி வந்தது. மூன்றாம் கவுண்டரில் நாற்காலிகளும் பழையபடி நிரம்பின. எல்லாம் சுகம்.

விருதை ஆணியில் மாட்டப் போனபோதுதான் தனலெட்சுமி வாசித்துப் பார்த்தாள். "யாருங்க இது, ரங்கசாமி?"

பிறந்ததிலிருந்து அவர் ரெங்கசாமி. சம்பந்தி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார். விடிந்ததும் ரெங்கசாமி தலைமையகத்துக்கு ஓடினார். நம்பர் எடுத்தார். உட்கார்ந்தார். கவுண்டரில் ஒரு சின்னப் பெண், விஷ்ணுப்ரியா என்று சட்டையில் பெயர். சுற்றறிக்கைப்படி பளீர் என்று வெளுத்த பல். விருதை வாங்கினாள், ஐசியை வாங்கினாள், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், சிரித்தாள்.

"ரெங்கசாமியும் ரங்கசாமியும் ஒரே ஆளுதான்னு ஒரு லெட்டர் கொண்டாங்க அங்கிள். சாப் கறுப்புல இருக்கணும்."

ரெங்கசாமிக்குக் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. நானும் உங்களை மாதிரி கவுண்டர்காரன்தான் என்று சொல்லலாம். மேசையைத் தட்டலாம். புகார் எழுதலாம். இதையெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் செய்யலாம்தான். நாம் யார் செய்திருக்கிறோம்?

கவுண்டர் கண்ணாடியருகே குனிந்து, குழைந்து, அந்த ஒரு மஞ்சள் பல்லும் தெரிகிற மாதிரி, பல்லைக் காட்டினார்.