மானுக்கு முந்தி வந்த பை

“எத்தனை நாள் பயணம்?” என்று கடைத் தாடிக்காரர் இரண்டாவது தடவையும் கேட்டார்.

“எட்டுக் குடும்பம்,” என்றார் றொபேட்.

தாடிக்காரர் சற்று யோசித்தார். வேட்டைச் சாமான் விற்கும் அந்தக் கடையில் தலை நரைக்கும்வரை நின்றவர் அவர். பையின் அளவை யாரும் குடும்பக் கணக்கில் சொல்லி அவர் கேட்டதில்லை.

“காட்டில் இரவு தங்குவீர்களா?”

“இல்லை. விடியப் போய்ப் பொழுதுபட வாறது. ஆனால் இறைச்சி வரும்.”

“அப்படியானால் இது காணும்.” ஓர் அளவான பையை எடுத்து மேசையில் வைத்தார். முதுகுப் பக்கம் இலேசான உலோகச் சட்டம், இடுப்புக்கு அகலப் பட்டி. சட்டத்துக்கும் பைக்கும் நடுவே இறைச்சியைக் கட்டலாம். மதியச் சாப்பாட்டில் இரத்தம் வடியாது.

றொபேட் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு மனேஜர் நின்றார்.

கனடாவின் விட்பியில் வீடு, மிசிசாகாவில் விமானச் சரக்குக் கம்பனி வேலை, நடுவில் முடியாத நெடுஞ்சாலை. இதுதான் றொபேட்டின் வாழ்க்கை. இந்த வருடம்தான் அந்தக் கம்பனியில் சேர்ந்தார். கோடை தொடங்கியதிலிருந்து அங்கே மனேஜர் கதிரை வெறுமையாகக் கிடந்தது. றொபேட் அதைக் கடக்கும்போதெல்லாம் நடையைக் கொஞ்சம் குறைப்பார்.

இரண்டு நாளைக்கு முந்தி முதலாளி கிரெய்க் அவருடைய மேசைக்கே வந்து சொன்னார்: “ஒவ்வொரு நவம்பரும் நான் மான் வேட்டைக்குப் போவேன். இந்த முறை நீயும் வா. துவக்கை நீ தொடத் தேவையில்லை. காட்டில் ஆறுதலாக ஒரு விஷயம் பேசலாம். நல்ல பை ஒன்று கொண்டுவா. மான் விழுந்தால் ஆளுக்கொரு பங்கு சுமக்க வேண்டும்.”

அங்கே பத்து வருடமாகக் குப்பை கொட்டும் பிரியந்தனைக் கூப்பிடவில்லை! செய்தியைக் கேட்டதும் பிரியந்தனின் முகம் ஒரு மாதிரிப் போனது. “அண்ணை, அந்த வேட்டை வந்து…” என்று தொடங்கினான்.

“எரியுதோ பிரியந்தன்? உனக்கும் ஒரு காலம் வரும்,” என்று றொபேட் அவனுடைய தோளில் தட்டிவிட்டு நடந்தார்.

கிரெய்க் பேசியதில் ‘பங்கு’ என்ற சொல் மட்டும் அவருக்குள் போய்க் குந்திக்கொண்டது. நாலைந்து வீட்டார் சேர்ந்து பண்ணையில் ஓர் ஆட்டைப் பிடித்துப் பங்கு போடுவது அங்குள்ள தமிழ்ச் சனத்தின் வழக்கம். அன்றிரவே அதற்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவில் றொபேட் அறிவித்தார்: “அடுத்த சனிக்கு ஆடு சொல்ல வேண்டாம். மான் வருகிறது.”

எட்டுக் குடும்பம் கை தூக்கியது. மைத்துனன் சீமோன் யூனியன்வில்லிலிருந்து உடனே தொலைபேசி எடுத்தான். “அத்தான், எனக்குத் தொடைப் பக்கம். முன்னங்காலைத் தந்து ஏமாத்தாதேங்கோ.”

“உனக்கில்லாத தொடையோ! வாற நத்தார்ப் பண்டிகைக்கு மனேஜர் அத்தானோட கதைப்பாய்.”

மனைவி யூஜினி வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள். “என்னப்பா, மான் ஓமெண்டு சொல்லிப்போட்டுதோ?”

பை வீட்டுக்கு வந்து ஓர் இரவு ஆகவில்லை. கோயில் பேபி அன்ரி தொலைபேசியில் வந்தார். “தம்பி றொபேட், எனக்கொரு பங்கு, சுவாமியாருக்கு ஒரு பங்கு. சுவாமியாரிட்ட நான் சொல்லியும் போட்டன்.”

சுவாமியாருக்கு இல்லையென்று எந்தக் கத்தோலிக்கன் சொல்வான்? சுவாமியாருக்கு என்றால் பாட்டுக் குழுவும் சும்மா இருக்குமா? றொபேட் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியதொன்று வாங்கி வந்தார்.

பெரிய பையில் ஒரு குறை இருந்தது. அசைந்தால் சத்தம் போட்டது. மகள் ஜெனாட் படியில் நின்று பார்த்தாள்.

“அப்பா, சீரியஸ்லி? யூ சவுண்ட் லைக் எ சிப்ஸ் பாக்! மான் ஒட்டாவாவுக்கு ஓடிடும்.”

“அது புதுசு. பாரம் வைச்சு நடந்தால் படியும்.”

பாரத்துக்கு அரிசி மூட்டையைக் கேட்டார். யூஜினி தரவில்லை. “வெடிச்சால் ஆர் கூட்டுறது?” ஆகவே சனிக்கிழமை காலை கராஜுக்குப் போய், உறைபெட்டியில் கிடந்த ஆட்டிறைச்சி முழுவதையும் அள்ளிக் கட்டினார். ஐம்பது றாத்தல் இருக்கும். செம்மஞ்சள் வேட்டைத் தொப்பியையும் போட்டுக்கொண்டு, மேலே வந்து ஒருமுறை செபம் சொல்லிவிட்டு இறங்கினார்.

முதல் சுற்று நன்றாகத்தான் போனது. விட்பியின் புதுக் குடியிருப்பில் மரங்கள் இன்னும் முழங்கால் உயரம். நவம்பர் வெயில் தடையில்லாமல் முதுகில் விழுந்தது. மூன்றாவது சுற்றில் பை சொட்டத் தொடங்கியது. ஒரு நாய் பின்னால் வந்தது. அது யாருக்கோ சொல்லியிருக்க வேண்டும், இன்னும் இரண்டு வந்தன. ஒரு பெண் கதவைத் திறந்தாள், தொப்பியையும் இரத்தத்தையும் நாய்களையும் ஒழுங்காகப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். பூட்டு விழும் சத்தமும் கேட்டது.

றொபேட் ஓடினார். வீட்டு வாசலில் முதுகின் அடியில் நாரி பிடித்துக்கொண்டது.

“இளகின இறைச்சியைத் திரும்ப ஐசில வைக்கேலாது,” என்றாள் யூஜினி. “முழுக்கக் காய்ச்ச வேணும். உங்கட மனேஜர் வேலைக்கு நான் கலியாண வீட்டுச் சமையல் செய்யிறன்.”

வீடு முழுவதும் கறி மணக்க, றொபேட் நாரிக்கு எண்ணெய் பூசிச் சோபாவில் குப்புறக் கிடந்தார். அந்த நேரம் பார்த்துச் சீமோன் வந்து சேர்ந்தான். வரும் வழியில் கராஜைப் பார்த்திருக்கிறான்.

“அத்தான்! பையெல்லாம் இரத்தம்! அடிச்சாச்சோ?”

உண்மையைச் சொல்ல றொபேட் தலையைத் தூக்கினார். நாரி விடவில்லை. அதற்குள் சீமோன் சட்டிக்குள் கரண்டியை விட்டு ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டான். கண்ணை மூடினான்.

“இதெல்லோ இறைச்சி! ஆடு கிட்ட நிக்குமே? காட்டு வாசம் அப்பிடியே தெரியுது!”

போன மாதம் பண்ணையில் சீமோனே காதைப் பிடித்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த ஆடு அது.

யூஜினி புருசனைப் பார்த்தாள். புருசன் சோபாத் துணியைப் பார்த்தார். மரியாதையான மனிதர் பொய் சொல்வதில்லை, பேசாமல் இருந்துவிடுவார்.

“தெரியாமத்தான் கேக்கிறன்,” சீமோன் போன பிறகு யூஜினி கேட்டாள், “உந்த மனேஜர் வேலை வராட்டி எங்க கொண்டுபோய் முகத்தை வைப்பம்?”

“வராமல்? மனுசன் கதைக்கத்தானே காட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான்!”

சீமோனின் வாயால் செய்தி பரவி, ஞாயிற்றுப் பூசை முடிவதற்குள் பங்கு இருபத்திரண்டாகிவிட்டது. முதல் மான் இவ்வளவு சுகமாக விழுந்திருந்தால் இரண்டாவது விழாதா என்பது சனத்தின் நியாயம். திங்கட்கிழமை றொபேட் ஒரு பக்கம் சாய்ந்தபடி கடைக்குள் நுழைந்தார். தாடிக்காரருக்கு இப்போது அவரைத் தெரியும்.

“உங்களிட்ட உள்ளதுக்குள்ள பெரிசு எது?”

“மான்தானே?”

“ஓம்.”

“ஒன்றா?”

“இன்னும் முடிவாகேல்லை.”

தாடிக்காரர் பெருமூச்சு விட்டார். “ஐயா, எலும்பெடுத்தால் ஒரு மானில் ஐம்பது அறுபது றாத்தல் இறைச்சி வந்தால் பெரிது. அதில் பாதி நீங்கள் சொன்ன முதலாளிக்கு.”

“அவருக்கும் ஒரு பங்கு வைச்சிருக்கிறன்,” என்றார் றொபேட்.

பெரும் காட்டு மரைகளைத் துண்டுபோட்டுச் சுமப்பதற்கென்று செய்த பையொன்று பரணிலிருந்து இறங்கியது. அதை மாட்டினால் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு றொபேட் தெரியமாட்டார்; இரண்டு கால் உள்ள ஓர் அலுமாரி நடந்து போகும்.

வேட்டை வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமையே றொபேட் பையை அலுவலகத்துக்குச் சுமந்து போனார். காரில் விட்டுவிட்டு வந்திருக்கலாம்தான். ஆனால் காரில் கிடக்கும் பையை யார் பார்ப்பார்கள்? மின்தூக்கியின் கதவில் சிக்கினார். இரண்டு பேர் பின்னால் தள்ளினார்கள். நாரி ‘ஐயோ’ என்றது, அவர் சிரித்தார்.

பிரியந்தன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். “அண்ணை, ஒரு நிமிசம், தனிய ஒரு கதை…”

“பங்கு முடிஞ்சுது பிரியந்தன். மிஞ்சினால் பாப்பம்.”

அப்போது கிரெய்க் அந்த வழியால் வந்தார். பையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அதன் பட்டிகளையும், அதற்குக் கீழே கோணி நின்ற றொபேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியது போலக்கூட இருந்தது. மெதுவாக வந்து கையைப் பிடித்தார்.

“நீ நல்ல மனிதன், றொபேட். நாளைக்குப் பேசுவோம்.”

கிரெய்க்கின் அறைக் கதவு சாத்தப்பட்டது. றொபேட் வெறுமையாகக் கிடந்த மனேஜர் கதிரையை இப்போது நேராகவே பார்த்தார். போய் ஒருதரம் இருந்து பார்த்தால் என்ன என்றுகூட ஓடியது. பையோடு அதில் இருக்க முடியாதென்பதால் விட்டுவிட்டார். குழுவில் ஒரு செய்தி போட்டார்: “நாளைக்கு எல்லாரும் செபியுங்கோ.”

ஊழியர்களின் ஆளணி விவகாரம் பார்க்கும் நதீஷா கோப்பியோடு வந்தாள். கிரெய்க்கின் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பையைச் சுற்றி வந்து, எல்லா ஸிப்பையும் திறந்து கையை விட்டு ஆழம் பார்த்தாள். பிறகு பெரிய ஆறுதலோடு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நீங்கள்தான் அண்ணை எல்லாத்தையும் யோசிச்சு வாற ஆள். முந்தின வருசங்களில கிரெய்க்கோட வேட்டைக்குப் போயிட்டு வந்த ஒவ்வொருத்தருக்கும், திங்கட்கிழமை மேசையைக் காலிபண்ணிக்கொண்டு போக நானெல்லோ காட்போட் பெட்டி தேடி ஓடினனான்!”