செவ்வாய்க்கிழமைப் பங்குதாரர்

நல்லரத்தினத்தார் சொன்ன பொய் மிகச் சிறியது. ஒரே ஒரு சொல்.

"டவர்."

மட்டக்களப்பு நகரத்தில் பங்குத் தரகர் கந்தோர் ஒன்றின் மேல்மாடி அது. விலைகள் ஓடுகிற திரைக்கு முன்னால் ஆறு கதிரைகள். ஒன்றில் யசோதினி டீச்சர். அடுத்ததில் டீச்சரின் கைப்பை. அதற்கடுத்ததில் நல்லரத்தினத்தார். ஏழு செவ்வாய்க்கிழமைகள் இப்படியே போன பிறகு, டீச்சர் முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

"ரீஓ ஐயா, நீங்க எந்தப் பக்கம்? மோலா, டவரா?"

மோல் என்றால் அம்பர்லி ஆர்க்கேட், கொழும்பில் கடைத்தொகுதி கட்டி வாடகை வாங்குகிற கம்பனி. டவர் என்றால் சில்வர் ஹெரன், இருபது மாடிக் கந்தோர்க் கட்டிடமொன்றை வாடகைக்கு விட்டுச் சீவிக்கிற கம்பனி. இரண்டிலும் நல்லரத்தினத்தாரிடம் ஒரு பங்குகூட இல்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக, சுருக்கமாக ரீஓவாக, முப்பது வருசம் வாய்க்கால் அளந்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். கணக்கு மட்டும் திறந்து வைத்திருந்தார். கணக்கு இல்லாத ஆளுக்கு அங்கே கதிரை இல்லை.

"டவரா? நானும் டவர்தான்," என்று சொல்லி டீச்சர் சிரித்தார்.

சித்தாண்டிக்குத் திரும்புகிற பஸ்ஸில் அந்தச் சிரிப்பு டிக்கற் எடுக்காமல் அவருக்குப் பக்கத்தில் இருந்தே வந்தது.

மனைவி போய் எட்டு வருசம். வீட்டில் கதைக்க ஆளில்லை. ஒரு பூனை இருந்தது, அதுவும் பேச்சுத்துணை போதாமல் பக்கத்து வீட்டுக்கு மாறிவிட்டது. செட்டிபாளையத்தில் இருந்து வருகிற டீச்சரோ, நோயாளித் தகப்பனைப் பார்த்துப் பார்த்தே கலியாண வயதைக் கடந்தவர். கணக்குப் படிப்பித்தவர். செவ்வாய்க்கிழமை மட்டுந்தான் வருவார். ஆகவே நல்லரத்தினத்தாருக்கு வாரத்தில் ஒரு நாள் இருந்தது. மற்ற ஆறும் அதற்குப் போகிற வழி.

மறுநாள் காலையில் கந்தோருக்கு அழைப்பெடுத்தார். எடுத்தது தனுஷா, அங்கே வாங்குகிற விற்கிற கட்டளைகளைக் கணினியில் பதிகிற பிள்ளை.

"மகள், டவர்ல ரெண்டாயிரம் பங்கு வாங்கிப் போடுங்க."

"என்ன ஐயா, திடீரெண்டு?"

"நேத்தே வாங்கிட்டன் எண்டு சொல்லிப்போட்டன் மகள்."

"ஆருக்கிட்டச் சொன்னீங்க?"

"அத விடுங்க. வாங்குங்க."

கிரான் வட்டையில் தன் வயலில் விளைந்த நெல்லை விற்ற காசு கொழும்பில் இருபது மாடி ஏறியது. பங்கு ஒன்று இருபத்துநாலு ரூபாய்.

வாங்கியாயிற்று. இனிக் கதைக்க விசயம் வேண்டும். டவர் கம்பனியின் ஆண்டறிக்கையை எடுத்து ஏழு நாளும் படித்தார். நாற்பத்தோராம் பக்கத்தில், எட்டாம் மாடிக்கு வாடகைக்கு ஆளில்லை என்று போட்டிருந்தது. அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. தண்ணீர் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, லிப்ற்கூட வந்து நிற்கிறது. இறங்க ஒருவரில்லை. அந்த மாடியை அவருக்கு நன்றாகத் தெரியும் போலிருந்தது.

அந்தச் செவ்வாயும் கந்தோர் குளிரில் விறைத்தது. அங்கேயுள்ள ஏசி சாதாரண ஏசி அல்ல. ஒருமுறை கிரான் விவசாயி ஒருவர் வாங்கிவந்த இறால் நாலு மணித்தியாலம் கதிரைக்குக் கீழே கிடந்தது. வீட்டில் பையைத் திறந்தபோது சந்தையில் இருந்ததைவிட உசாராக இருந்ததாம். நம்பாதவர்கள் இறாலைக் கேட்டுக்கொள்ளலாம்.

"எட்டாம் மாடி சும்மா கிடக்கு டீச்சர்," என்றார் நல்லரத்தினத்தார், பல விசயம் தெரிந்தவர் போல. "விக்கத்தான் யோசிக்கிறன்."

"அவசரப்படாதீங்க. காணியையும் கட்டிடத்தையும் கூட்டிப் பிரிச்சா பங்கு ஒண்டுக்கு அறுபது ரூபா வருது. விலை இருபத்துநாலு. எனக்கெண்டா, கூட வாங்கிற நேரம் இது."

டீச்சர் ஒரு கணக்கைச் சொன்னால் அது சரியான கணக்கு. அன்று பின்னேரமே நல்லரத்தினத்தார் இன்னும் மூவாயிரம் வாங்கினார். வாங்கின நேரம் பார்த்து விலை இருபத்தாறு.

அடுத்த கிழமை பரீட்சை பாஸ் பண்ணின பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னபடி வாங்கிட்டன் டீச்சர்!"

டீச்சரின் முகம் வாடியது. "வாங்கிட்டீங்களா?"

"ஓம். ஏன்?"

"ஒண்டுமில்ல… நீங்க சொன்ன அந்த எட்டாம் மாடியத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தன். ராவு நித்திரையும் இல்ல. சில நேரம் விக்கிறதுதான் புத்தி."

தான் சொன்ன ஒரு சொல்லை ஒருவர் நித்திரை முழித்து யோசிப்பது நல்லரத்தினத்தாருக்கு எட்டு வருசத்துக்குப் பிறகு நடக்கிறது. அந்தச் சந்தோசத்தில் கந்தோர்ப் படியிறங்கினவுடனேயே விற்றார். விலை இருபத்திரண்டு.

மறுகா இதுவே வழமையாகிப் போனது. டீச்சர் வாங்கலாம் என்றால் வாங்குவார். வாங்கிவிட்டேன் என்று போய்ச் சொன்னால், டீச்சர் விற்பதைப் பற்றிக் கதைப்பார். விற்றுவிட்டு வந்து நின்றால், வாங்கலாமோ என்று யோசிப்பார். நல்லரத்தினத்தார் வாங்கினால் விலை மேலே, விற்றால் கீழே.

"மகள்," என்று ஒருநாள் தனுஷாவிடம் கேட்டார், "ஆர் மகள் அந்தாள்?"

"எந்தாள் ஐயா?"

"நான் வாங்கக்குள்ள பாத்து விக்கிறான். நான் விக்கக்குள்ள பாத்து வாங்கிறான். கொழும்பில எவனோ எனக்கெண்டே குந்திக்கிட்டு இருக்கான்."

தனுஷா கணினியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒருத்தர்ர விசயத்த இன்னொருத்தருக்குச் சொல்லப்படாது ஐயா. சட்டம்."

ஆகவே அந்தக் கொழும்பானை நல்லரத்தினத்தார் தானே உருவாக்கிக்கொண்டார். கழுத்துப்பட்டி, தங்கப் பல், கண்ணாடி அறை. நண்டுக்காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டே மட்டக்களப்பான் ஒருவனின் நெல்லுக் காசை வாரி எடுக்கிறவன். அதையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆனால் பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனதும் "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்க அவனுக்கு ஒரு பெண்சாதி இருப்பாள். அதைத்தான் நல்லரத்தினத்தாரால் பொறுக்க முடியவில்லை.

கடைசியில் ஒரு தந்திரம் செய்து பார்த்தார். இனி டீச்சர் முதலில் வாய் திறக்காமல் தான் திறப்பதில்லை. அந்தச் செவ்வாய் டீச்சரும் என்ன நினைத்தாரோ, வாய் திறக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் இரண்டு வாயும் திறந்தன.

"வாங்குவம்," என்றார் அவர்.

"விப்பம்," என்றார் டீச்சர்.

"சரி டீச்சர், விப்பம்!" என்று அவர் அவசரமாக மாறினார். டீச்சர் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டார். அன்று நல்லரத்தினத்தார் விற்ற விலை பத்தொன்பது.

"உங்களுக்கு எப்பிடிப் போகுது டீச்சர்?" என்று ஒருமுறை பயந்து பயந்து கேட்டுப் பார்த்தார்.

"காசெண்டா கூடித்தான் இருக்கு," என்றார் டீச்சர், திருடி அகப்பட்டவர் போல. "ஆனா அதுல என்ன கிடக்கு ரீஓ ஐயா."

அவருக்கு வயிறெரியவில்லை. டீச்சராவது தப்பினாரே என்று நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போய் அடுத்த போகத்துச் செலவுக்கு வைத்திருந்த காசையும் கொண்டுவந்து போட்டார். அதுவும் அந்தத் தங்கப் பல்லுக்குள் போனது.

மூன்றாம் மாதம் முடிகிற கிழமையில் தனுஷா அழைப்பெடுத்தாள்.

"ஐயா, உங்கட கணக்கில நாப்பது பங்குதான் மிச்சம் கிடக்கு."

"காசு?"

"காசு எண்டு ஒண்டுமில்ல ஐயா."

நாற்பது பங்கை வைத்துக்கொண்டு மோலா டவரா என்று எவ்வளவு நேரம் கதைக்கலாம்? அதுவும் போனால் கதிரை போய்விடும். கதிரை போனால் செவ்வாய்க்கிழமை போய்விடும். பிறகு வாரம் முழுவதும் எட்டாம் மாடிதான்.

கடைசிச் செவ்வாய் என்று தீர்மானித்து, தோய்த்து மினுக்கின வெள்ளைச் சேட்டுடன் போனார். திரையில் டவர் பதினெட்டில் நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"டீச்சர், அடுத்த கிழமையில இருந்து நான் வரமாட்டன்."

"ஏன், சுகமில்லையா?"

"சுகத்துக்கென்ன. என்னட்ட இனி விக்கவும் ஒண்டுமில்ல, வாங்கவும் ஒண்டுமில்ல. முழுக்கப் போயிட்டு."

டீச்சரின் கையிலிருந்த பேனை விழுந்தது. எடுக்கவில்லை. "எப்பிடிப் போகும்? நான் சொன்னதத்தானே செஞ்சீங்க?"

"ஓம். ஒண்டும் விடாமச் செஞ்சன்."

"ஐயோ, நான் நீங்க சொன்னதயெல்லோ…" டீச்சர் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார்.

"நான் பங்கு விளங்கி வந்த ஆளில்ல டீச்சர்," என்றார் நல்லரத்தினத்தார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "வாய்க்கால் விளங்கும். இது விளங்காது. நான் வந்தது வேற…"

அந்த நேரம் பார்த்துத் தனுஷா தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, டீச்சர், கொழும்புப் பங்குச் சந்தையிலருந்து விசாரிக்கிறாங்க. மூணு மாசமா டவர் பங்க இந்த நாட்டிலயே நீங்க ரெண்டு பேருந்தான் மாறி மாறி வித்து வாங்கியிருக்கீங்களாம், புருசன் பெண்சாதியா எண்டு கேக்கிறாங்க. நான் என்ன சொல்ல?"