கிணற்றுக்குள் குடிபோன மாஸ்டர்

மனிதனுக்கு மனிதனே தேவையில்லை என்பதை, ஆள் ஆளாகப் பிடித்து உட்காரவைத்து, காபி கொடுத்து, மணிக்கணக்கில் விளக்கிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் எனக்கு ஹவுஸ் ஓனராக வாய்த்தார்.

தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில், ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தேன். பம்ப்செட் கம்பெனியில் கிளார்க் வேலை, கல்யாணம் ஆகவில்லை, துணைக்கு ஒரு ரேடியோ. ஓனர் ஒரு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ரிட்டயரானவர். அதனால் தெருவுக்கே அவர் மாஸ்டர். மனைவி காலமாகிப் பல வருஷமாகியிருந்தது. முன்வீட்டில் தனியாக இருந்தார். தனியாக என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். காலையில் என் ரேடியோ பாட ஆரம்பித்தால் கதவைத் தட்டிவிடுவார்.

"ஏனுங் தம்பி, ரேடியோவைச் சித்தெ கொறைங்க. மனுசன் நிம்மதியாத் தனியா இருக்க முடியறதில்லீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட மாட்டார். உள்ளே வந்து உட்கார்ந்து, செய்தி முழுவதையும் கேட்டு, ரேடியோக்காரர் விட்டுவிட்ட தெருச் செய்திகளையும் வாசித்துவிட்டுத்தான் கிளம்புவார். நான் ஆபீசுக்கு லேட்டாகப் போனதற்கெல்லாம் அவருடைய தனிமைதான் காரணம்.

திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் மல்லிகா ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து ஒரே பாட்டைப் பாடுவார். "ஏனுங்கப்பா, ஊட்டையெல்லாம் வித்துப்போட்டு எங்கூட வந்துருங்க. ஒடம்புக்கு ஒண்ணுன்னா இங்க ஆருங்கப்பா இருக்கறாங்க?"

இதைக் கேட்கும்போதெல்லாம் லைன் வீட்டில் குடியிருந்த நாங்கள் வேறு வீடு தேடக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். அந்த வாடகைக்குக் கோயமுத்தூரில் மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது. மாஸ்டருக்கோ, மனைவியோடு வாழ்ந்த வீட்டை விட்டுப் போவதென்றால் உயிரே போய்விடும். அது எங்களுக்குத் தெரியும். வெளியில் காட்டிக்கொள்ளமாட்டார், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் வாரப் பத்திரிகை ஒன்றில் ஒரு துணுக்கு படித்துவிட்டார். வெளிநாட்டில் யாரோ கடிகாரம்கூட இல்லாமல் மாதக்கணக்கில் பூமிக்கடியில் ஒரு குகைக்குள் தனியாக இருந்து, தனிமையில் மனசு என்ன செய்கிறது என்று ஆராய்ந்தாராம். அடுத்த ஞாயிறே மகளிடம் சவால் விட்டார்.

"மனுசனுக்கு மனுசன் வேணும்ங்கறது வெறும் பழக்கதோசம் அம்மணி. நம்ம கெணத்துக்குள்ள ஒரு மாசம் ஒண்டியா இருந்து, ஆராய்ச்சி பண்ணிக் காட்டறேன். இருந்துபோட்டேன்னா நீ திருப்பூர்ப் பேச்சையே எடுக்கப்படாது."

"முடியலீன்னா?"

"மறுநாளே பொட்டியோட வாரேன்."

பின்பக்கம் தண்ணீர் வற்றிப்போன ஆழக்கிணறு ஒன்று இருந்தது. பாதி ஆழத்தில், பாறையைக் குடைந்து மோட்டார் வைக்க ஒரு அறை. மோட்டாரைக் கழற்றி எடுத்துவிட்டு அங்கே கயிற்றுக்கட்டில் போட்டோம். வெயில் தெரியக்கூடாதென்று கிணற்று வாயைத் தகரத்தால் மூடி, காற்றுக்கு மட்டும் சந்து விட்டோம். யாரும் அவரோடு பேசக்கூடாது என்பதுதான் சட்டம். வழியனுப்பத் தெருவே திரண்டது. முதல் வீட்டு சரோஜாக்கா நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். மாஸ்டர் நாலு படி இறங்குவார், திரும்ப ஏறி வந்து, "எல்லாரும் ஒடம்பப் பாத்துக்குங்க" என்பார். தனிமைக்குள் போய்ச் சேரவே அவருக்கு அரை நாள் ஆயிற்று.

சரோஜாக்கா தூக்குப்போசியில் சோறு வைத்துக் கயிற்றில் இறக்குவார். வாயே திறக்கமாட்டார். கீழேயிருந்துதான் குரல் வரும்.

"சாம்பார்ல உப்புப் பத்தலீங்க! இது பேச்சு இல்லீங்க, தகவல்!"

ஷிப்டுக்கு ஷிப்டு ஊதும் மில் சங்கு நேரத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்று அடுத்த தகவல் வந்தது. மேனேஜரிடம் சொல்லி ஒரு மாசத்துக்குச் சங்கை நிறுத்திவைக்க வேண்டுமாம். நாங்கள் பஞ்சு அனுப்பினோம், காதில் வைத்துக்கொள்ள. அதற்கப்புறம் ஆராய்ச்சி நன்றாகவே வேலை செய்தது. ஒரு நாள் அந்திசாயும் நேரத்தில், "ஏனுங்க, இட்லி இன்னும் வரலீங்களே?" என்று குரல் வந்தது. சரோஜாக்கா தலையில் அடித்துக்கொண்டாலும், இட்லி ஊற்றித்தான் அனுப்பினார். அந்த வெளிநாட்டுக்காரருக்குக் குகையில் இந்தக் கொடுப்பினை இருந்திருக்காது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அன்னூரிலிருந்து ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வரும்வரை. மாஸ்டருக்கு ஒன்றுவிட்ட தங்கையும் அவர் கணவரும் தங்கள் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார்கள். விஷயத்தைச் சொல்லி, பத்திரிகையை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதெப்படீங்க தம்பி? நேர்ல கூப்புடலீன்னா நாளைக்கு ஒரு பேச்சாயிருமுங்க. அண்ணன் எங்க இருந்தாலும் நாங்க வந்து கூப்புடறதுதானுங்களே மொறை?"

சொன்னதோடு நிற்கவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு பட்டுச்சேலையோடு கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். பின்னாலேயே அவர் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் டார்ச் அடித்துக்கொண்டு போனேன். மாஸ்டர் மனித முகத்தைப் பார்க்கக்கூடாதே என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டித் தட்டை வாங்கினார். அதோடு விட்டிருக்கலாம்.

"மாப்பள என்ன பண்றாருங்க?" என்று பாறையிடம் கேட்டார்.

அப்புறம் மாப்பிள்ளையின் தோட்டம், தாய்மாமன், பந்தியில் என்ன இனிப்பு என்று பேச்சு வளர்ந்தது. கட்டிலில் உட்காரச் சொல்லி, சரோஜாக்காவிடம் மேலே தகவல் கொடுத்துக் காபியும் வரவழைத்தார். கடைசிவரை முகத்தை மட்டும் திருப்பவில்லை.

இது மல்லிகா காதுக்குப் போனால் சவால் தோற்றது, வீடும் போனது. அன்றே நாங்கள் கூடி ஒரு முடிவெடுத்தோம். இனிமேல் நிஜமான தனிமை. கேட்டைப் பூட்டினோம். நான் ரேடியோவைத் தொடவில்லை. சரோஜாக்கா குக்கரை விட்டுச் சட்டியில் சோறாக்கினார். அவரும் அவர் வீட்டுக்காரரும் தினசரிச் சண்டையைச் சைகையிலேயே போட்டுக்கொண்டார்கள். சோற்றைக்கூடச் சத்தமில்லாமல் இறக்கினோம்.

இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரம் படபடவென்று அதிர்ந்தது. தாடியும் அழுக்கு வேட்டியுமாக மாஸ்டர் மேலே ஏறி, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"சரோஜா! தம்பி! ஆருக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகலீங்களே மாஸ்டர்!" என்றார் சரோஜாக்கா.

"ரேடியோ பாடலை, குக்கரு கத்தலை, சரோஜாவும் ஊட்டுக்காரரும் சண்டைகூடப் போடலை. இங்க ஆரோ போய்ச்சேந்துட்டாங்கன்னு நெனச்சுப்போட்டனே!"

"காதுல பஞ்சு வெச்சிருந்தீங்களே?" என்றேன்.

"அது சங்குக்குங்க. நம்மூட்டுச் சத்தத்துக்கு எடுத்துப்போடுவனுங்க."

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் தான் மேலே வந்துவிட்டது அவருக்கு உறைத்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. பேச்சை மாற்ற, ஆராய்ச்சியில் என்ன தெரிந்தது என்று கேட்டேன்.

"சரோஜா கோவத்துல இருந்தா சாம்பார்ல காரம் ஏறுதுங்க" என்றார். சிரிக்கவில்லை.

மத்தியானம் மல்லிகா வந்தபோது பெட்டி வாசலில் தயாராக இருந்தது. இறங்கும் முன்னாடி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதிலிருந்து, இட்லி, காபி, ஒறம்பரை வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார். "தோத்துட்டேன் அம்மணி. நட போலாம்."

சரோஜாக்கா முந்தானையால் மூக்கைச் சிந்தினார். மல்லிகா எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார்.

"கெணத்துக்குள்ள போய் ஒளிஞ்சாலும் உங்களைத் தனியா உட மாட்டாங்க போலிருக்குதுங்கப்பா. இனி எனக்குப் பயமில்லீங்க. நீங்க இங்கயே இருங்க."

"சொன்ன சொல்லு இருக்குதல்ல கண்ணு? நான் தோத்துப்போட்டேன்."

"செயிச்சிருந்தீங்கன்னாத்தானுங்கப்பா கூட்டீட்டுப் போயிருப்பேன்."

மறுநாள் காலையில் ரேடியோவைப் போட்டதும் வழக்கம்போலக் கதவு தட்டப்பட்டது. நான் சத்தத்தைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"கொறைக்காதீங்க தம்பி. இன்னுஞ் சித்தெ தூக்கி வையுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மாஸ்டர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது நானிருக்கும் அபார்ட்மென்டில் மேல்வீட்டுக்காரர் வந்து ரேடியோவைக் குறைக்கச் சொல்கிறார். மரியாதைக்குக் குறைக்கிறேன். அவர் படியேறிப் போனதும் பழையபடி தூக்கி வைத்துவிடுகிறேன். மாஸ்டருக்குக் கேட்க வேண்டாமா?