சூப்பர்வைசரும் ஆறாம் நம்பர் படிவமும்

மனிதகுலம் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. உடம்பு சரியில்லாத ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும். இந்த மகத்தான உண்மையை நேரில் கண்டறியும் பாக்கியம் பெற்றவர், வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா.

அவர் வீட்டுக் கொல்லையில் நாலு கோழிகள். அதில் கறுப்புக் கோழிக்கு ‘சூப்பர்வைசர்’ என்று பெயர். காலையில் மிஷின் சத்தம் கேட்டதும் பின்வாசல் படியில் ஏறி நின்று, தலையைச் சாய்த்து, தையல் நேராகப் போகிறதா என்று பார்க்கும். புருஷனுக்கு வெளியூரில் வேலை, மகளுக்கு விடுதியில் படிப்பு. ஆகவே பகலெல்லாம் அவர் பேசிக்கொண்டிருப்பது சூப்பர்வைசரோடுதான். அது இரண்டு நாளாகத் தீனியைக் கொத்துவதும் கீழே போடுவதுமாக இருந்தது. மூன்றாம் நாள் கையில் எடுத்தால் கனமே இல்லை. தையல்காரம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

முதலில் அவர் விஞ்ஞானத்தை நாடினார். அதாவது, நாத்தனாருக்குப் போன் போட்டார். நாத்தனார் ‘கொல்லைப்புறக் கோழி நலம் நாடுவோர்’ என்ற வாட்ஸப் குழுவின் தலைவி. குழுவில் நூற்று எண்பது பேர். கோழி வைத்திருப்பவர்கள் ஏழு பேர். தலைவி அந்த ஏழு பேரில் ஒருவர் அல்ல. விருப்பு வெறுப்பில்லாமல் நிர்வாகம் செய்ய அதுதான் வசதி. அரை மணி நேரத்தில் நாற்பத்திரண்டு வைத்தியங்கள் வந்து குவிந்தன. பூண்டு கொடு என்றவரும் பூண்டே ஆகாது என்றவரும் மோதிக்கொண்டு இருவருமே குழுவிலிருந்து வெளியேறினார்கள். கோழிக்கு மன அழுத்தம், மனம் விட்டுப் பேசுங்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் அனுப்பிய குறிப்பு மிகத் தெளிவாக, படிப்படியாக இருந்தது. கடைசி வரியில்தான் ‘மூடி வைத்து இருபது நிமிடம் வேகவிடவும்’ என்றிருந்தது.

“அதைப் படிக்காதீங்க அண்ணி,” என்றார் நாத்தனார். “அவர் சமையல் குழுவுக்கு அனுப்ப வேண்டியதை இங்க போட்டுட்டார்.”

அடுத்தது, கண்ணாடிக் கதவும் ஏசியும் கொண்ட பிராணிகள் ஆஸ்பத்திரி. வரவேற்பறைப் பெண் கணினியைத் தட்டினாள்.

“நாயா, பூனையான்னு கேக்குதுக்கா.”

“கோழின்னு போடும்மா.”

“அது ஒத்துக்காதுக்கா.”

சற்று ஆலோசித்து, கறுப்பு, பெண், பூனை என்று பதிந்தாள். உள்ளே டாக்டர் திரையைத் தீவிரமாகப் படித்தார். பூனைக்கு இந்த வயதில் இரண்டு தடுப்பூசியாவது போட்டிருக்க வேண்டுமே என்று வருத்தப்பட்டார். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். நேர்மையான மனிதர். கோழியைக் கல்லூரியில் படத்தில் பார்த்ததோடு சரி என்று ஒப்புக்கொண்டு, ‘கோழி நல ஆய்வு அலுவலக’த்துக்கு வழி சொன்னார்.

அந்த அலுவலகத்தின் சுவரெல்லாம் கொழுகொழுவென்ற கோழிப் படங்கள். அதிகாரி எழுந்து நாற்காலி காட்டினார். வேறு எந்த அலுவலகத்திலும் கிடைக்காத மரியாதை அது.

“எத்தனை உருப்படி?”

“ஒண்ணுதான் சார்.”

“ஐந்நூறு இருந்தாதான் பண்ணைக் கணக்குல வரும். பரவாயில்லை, ஒண்ணுன்னாலும் நாங்க கைவிட மாட்டோம். எப்ப செத்துச்சு?”

“சாகலை சார். இதோ மடியில இருக்கு.”

அதிகாரியின் முகம் வாடியது. “அப்ப கொஞ்சம் முன்னாடியே வந்துட்டீங்களேம்மா.”

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். செத்த கோழியை அறுத்துப் பார்த்து, எதனால் செத்தது என்று பதினைந்து வேலை நாளில் எழுத்துமூலம் சொல்லிவிடுவார்களாம். இதுவரை ஒரு முடிவுகூடத் தப்பானதில்லையாம். எந்தக் கோழியும் மறுத்துப் பேசியதில்லை என்பதால் இதை நாம் நம்பலாம். உயிரோடிருக்கும் கோழிக்குத்தான் படிவம் இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல், செத்த கோழிக்கான ஆறாம் நம்பர் படிவத்தில் வரிசை எண் போட்டுக் கொடுத்தார்.

“இப்படி பெஞ்சுல உக்காருங்க. அஞ்சு மணி வரைக்கும் நாங்க இருப்போம்.”

தையல்காரம்மா உட்கார்ந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சூப்பர்வைசர் களைத்துப்போய் அலகைத் திறந்தது. நாக்குக்கு அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இன்னொருவர் பார்த்திருந்தால் ரத்தம் என்றிருப்பார். அவருக்கோ அது போன வாரம் பள்ளிச் சீருடைக்கு வாங்கிய நூல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. தினமும் சாயங்காலம் வெட்டுத் துணியையும் நூல் துணுக்கையும் பெருக்கிப் பின்வாசல் வழியாகத் தள்ளிவிடுவது அவர் வழக்கம். புழு என்று நினைத்துக் கொத்தியிருக்கிறது. ஊரெல்லாம் தேடிய நோயைத் தன் துடைப்பமே கொடுத்திருக்கிறது.

பையிலிருந்த நூல் வெட்டும் கத்தரியை எடுத்தார். செல்போனில் வெளிச்சம் காட்டும்படி அதிகாரியைக் கேட்டார்.

“உயிரோட இருக்கறதுக்கு வைத்தியம் பார்க்கறது எங்க வரம்புல வராதும்மா,” என்று சொல்லி, விதிமுறைக்கு மதிப்பளித்து நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார் அவர்.

கோழியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, கட்டைவிரலால் அலகைத் திறந்து, இரண்டே வெட்டு. நாக்கின் அடியில் இறுகியிருந்த நூல் சுருள் கையோடு வந்தது. சூப்பர்வைசர் தலையை உதறியது. நேரே மேசைமேல் தாவி, அதிகாரியின் பிஸ்கட்டைத் தின்று முடித்தது. தையல்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

அதிகாரிக்கும் சந்தோஷம்தான். ஆனால் வரிசை எண் போட்ட படிவத்தை ரத்து செய்ய வழியில்லை.

“எது செத்துச்சு, எப்ப, எதனாலன்னு மூணு கட்டம் இருக்கு. நிரப்பிக் குடுத்துட்டுப் போயிடுங்க.”

“அதான் பிழைச்சிருச்சே சார்.”

“அது உங்க நல்ல நேரம்மா. கட்டம் காலியா இருக்கக் கூடாது.”

தையல்காரம்மா பேனாவை வாங்கி, அளவு குறிக்கும் அதே நிதானத்தோடு மூன்று கட்டங்களையும் நிரப்பினார். அதிகாரி எதுவும் காலியாக இல்லை என்று விரல் வைத்துப் பார்த்து, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலும் கொடுத்தார். அது இப்போது தையல் மிஷினுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது.

செத்தது: இந்த அலுவலகம்.

எப்போது: தெரியவில்லை. நான் வந்தபோதே இப்படித்தான் இருந்தது.

எதனால்: கோழியின் வாயைத் திறந்து பார்க்கப் படிவம் இல்லாததால்.