மாட்டுத் தராசில் பத்துப் பேர்

"முடியாது" என்று மிசஸ் ஃபிங்க் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "இத்தனை ஆம்பளைங்க முன்னாடி நான் தராசுல ஏற மாட்டேன். என் எடை என் புருஷனுக்கே தெரியாது."

பிரெண்டிஸுக்கு வியர்த்தது. வெஸ்ட் ஹார்மனி விமான நிலையத்துக்கு அவன்தான் மேலாளர், எழுத்தர், பெட்டி தூக்குபவன் எல்லாம். சிகாகோவிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்குள் மூன்று விமானங்கள் தாமதமாகக் கிளம்பிவிட்டன. இன்னொன்று தாமதமானால் நிலையத்தையே மூடிவிடுவதாகத் தலைமை அலுவலகம் தொலைபேசியில் கத்தியிருந்தது. மூடினால் மறுபடி மாமனாரின் இறைச்சிக்கடையில் கத்தி பிடிக்க வேண்டியதுதான். அதற்கு அவன் வடக்கு டகோட்டாவின் காற்றையும் தூசியையும் ஆயுள் முழுக்கத் தின்னத் தயார்.

மினியாபொலிஸிலிருந்து ஒன்பது பேரோடு வந்த விமானம் வெளியே வெயிலில் நின்றது. பத்தாவதாக எக்டால் என்று ஒருவர் இங்கே ஏறுவதாகத் தொலைபேசியில் இடம் சொல்லியிருந்தார். அவரையும் காணோம்.

"காலையில மரத்து உச்சிய உரசிக்கிட்டுத்தான் எழும்பினோம்" என்றார் கேப்டன் மெக்கார்க். "அங்க போட்ட எடை மேல எனக்கு நம்பிக்கை இல்ல. இந்த வெயில்ல காத்து வேற லேசாயிடும். சரியான எடை தெரியாம நான் எஞ்சினத் தொட மாட்டேன்."

பிரெண்டிஸுக்கு ஒரு யோசனை வந்தது. அதுதான் அன்றைய முதல் தப்பு.

"மேடம், ஏற வேண்டாம். என் காதுல மட்டும் சொல்லுங்க."

மிசஸ் ஃபிங்க் சொன்னார். உடனே எல்லாருக்கும் அந்தச் சலுகை வேண்டியிருந்தது. வரிசையாக வந்து காதில் ஓதினார்கள். இடிதாங்கி விற்கும் டோபின் கதவில் பக்கவாட்டில்தான் நுழைவார். அவர்கூடக் கூசாமல் நூற்று இருபது ராத்தல் என்றார்.

கூட்டிய தொகையைப் பார்த்த கேப்டன் நிமிர்ந்தார். "ஏம்ப்பா, நான் பள்ளிக்கூடப் பிள்ளைங்களையா ஏத்திட்டு வந்தேன்?"

"எல்லாரையும் மொத்தமா எடை போட்டா?" என்றான் பிரெண்டிஸ். "யாரு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. மானமும் போகாது."

"அவ்வளவு பெரிய தராசு எங்க இருக்கு?"

பிரெண்டிஸ் ஜன்னல் வழியாகக் கை நீட்டினான். சாலைக்கு அந்தப் பக்கம் கால்நடைச் சந்தை. அங்கே மாடுகளை மந்தையாக ஏற்றி எடை போடும் தராசு ஒன்று, வேலியும் கதவுமாக இருந்தது. மாட்டோடு மாடாக நிற்பது மானக்கேடு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தனியாக நிற்கத்தான் பயம்.

தராசுக்காரன் சாப்பிடப் போயிருந்தான். வேலியில் கட்டியிருந்த ஒரு கன்றுக்குட்டி இவர்களைப் பார்த்து "ம்மா" என்றது. பக்கத்தில் சாம்பல் தொப்பி வைத்த நெட்டையான மனிதர் சும்மா நின்றுகொண்டிருந்தார். பிரெண்டிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மிஸ்டர் எக்டால்தானே? உங்களைத்தான் தேடிட்டிருக்கேன். ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு."

அவர் பிரெண்டிஸைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார்.

"சரிங்க" என்றார்.

அந்தப் பக்கத்தில் குடியேறிய நார்வேக்காரர்களே அப்படித்தான். யாராவது மரியாதையாக ஒன்றைச் சொல்லிவிட்டால் மறுத்துப் பேச வாய் வராது. காப்பி கொடுத்தால் இரண்டு முறை வேண்டாம் என்பார்கள், மூன்றாவது முறை குடிப்பார்கள். பிரெண்டிஸ் இரண்டு வாரத்தில் இதை மட்டும் நன்றாகக் கற்றுவைத்திருந்தான்.

பத்துப் பேரும் ஏறினார்கள். கேப்டன் தராசுத் தண்டில் இருந்த எடைக்குண்டை நகர்த்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நூத்தி எண்பது ராத்தல் அதிகம்."

"தபால் மூட்டையை இறக்கிடலாமா?"

"இறக்கலாம், கூடவே என் வேலையையும் இறக்கிடு. தபாலுக்குத்தான் அரசாங்கம் காசு கொடுக்குது. ஆளுங்க சும்மா ஒட்டிக்கிட்டு வர்றவங்க."

"கொஞ்சம் பெட்ரோலை?"

"பாதி வழியில எவன் சோளக்காட்டுல இறக்கட்டும்? நீயே சொல்லு."

"அப்ப எல்லாரும் கோட்டு, காலணி எல்லாத்தையும் கழட்டுங்க" என்றான் பிரெண்டிஸ். "அடுத்த விமானத்துல பின்னாலயே அனுப்பிடறேன்."

கழற்றினார்கள். மிசஸ் ஃபிங்க் தொப்பியில் இருந்த பறவையைக்கூடப் பிய்த்துக் கொடுத்தார். மிஸ்டர் எக்டாலும் சேறு படிந்த பூட்ஸைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். அவருடைய காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

"நூத்தி அம்பது" என்றார் கேப்டன்.

விமானப் பணிப்பெண் மிஸ் ஹாப், அந்தக் கால வழக்கப்படி, ஒரு நர்ஸ். அவள் மெதுவாகச் சொன்னாள்: "மதியச் சாப்பாட்டுப் பெட்டிங்க இருக்கே. அதுவே கணிசமா கனக்கும்."

பிரெண்டிஸுக்கு அவளைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. ஓடிப்போய்ப் பெட்டிகளை எடுத்து வந்தான். பொரித்த கோழியைக் குப்பையில் போட அவனுக்கு மனம் வரவில்லை. "எல்லாரும் இங்கயே சாப்பிட்டுடுங்க" என்றான்.

தராசின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மிஸ்டர் எக்டால் வேண்டாம் என்றார். மறுபடியும் வேண்டாம் என்றார். பிறகு இரண்டு தொடைகளைச் சாப்பிட்டு, எலும்பைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். கன்றுக்குட்டி பசியில் கத்தியது.

கேப்டன் குண்டை நகர்த்தினார். பிரெண்டிஸ் பக்கம் திரும்பினார்.

"பெட்டியில குறைஞ்சது அப்படியே வயித்துல ஏறியிருக்கு. அதே நூத்தி அம்பது. நீ சிகாகோவுல என்னதான் படிச்ச?"

புறப்படப் பத்து நிமிஷம் இருந்தது. பிரெண்டிஸின் கண்முன்னே மாமனார் வெள்ளை ஏப்ரனோடு வந்து நின்று சிரித்தார்.

"நான் இறங்கிக்கறேன்" என்றாள் மிஸ் ஹாப்.

"நர்ஸ் இல்லாம பறக்கக் கூடாதுன்னு சட்டம்" என்றார் கேப்டன். "பிரெண்டிஸ், இது ஒரு ஆளோட எடை. ஒருத்தர் இறங்கித்தான் ஆகணும்."

பிரெண்டிஸ் பயணிகள் முன்னால் கைகூப்பாத குறையாக நின்றான். "யாராவது ஒருத்தர் பெரிய மனசு பண்ணணும். நாளைக்கு இதே நேரம் நானே ஏத்தி அனுப்பறேன்."

எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். டோபின் தன் இடிதாங்கி மாதிரியைத் துடைக்க ஆரம்பித்தார். மிசஸ் ஃபிங்க், "யாரு கனமோ அவங்க இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சொன்னதன் ஆபத்து புரிந்து சட்டென்று இருமினார்.

கன்றுக்குட்டி மறுபடி கத்தியது. சாம்பல் தொப்பிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லேன்னா... நான் வேணா இறங்கிக்கவா?"

பிரெண்டிஸ் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவர் இறங்கியதும் கேப்டன் குண்டை நகர்த்தினார். தண்டு அழகாகச் சமமாக நின்றபோது, எடை அளவுக்கு முப்பது ராத்தல் கீழே இருந்தது.

"இதான் கணக்கு" என்றார் கேப்டன். "இப்ப எல்லாத்தையும் மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க. அந்த முப்பது ராத்தலுக்கு இடம் இருக்கு."

ஒன்பது பேரும் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடினார்கள். புரொப்பெல்லர்கள் சுழன்றன. விமானம் புல்வெளி மேல் தடதடவென்று ஓடி, மரத்துக்கு மேலே நன்றாக உயர்ந்து, மேற்கே போயிற்று. சரியான நேரம். பிரெண்டிஸ் தராசின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மாமனாரிடமிருந்து தப்பித்த சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"மிஸ்டர் எக்டால், உங்களை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். நீங்க என் வேலையையே காப்பாத்தினீங்க. ராத்திரி எங்க வீட்லதான் சாப்பாடு. வேற என்ன உதவி வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க."

"அய்யோ, ஒண்ணும் வேண்டாங்க."

"அப்படிச் சொல்லக் கூடாது."

"வேண்டாங்க, இருக்கட்டும்."

"நீங்க ஏதாவது கேட்டே ஆகணும்."

அவர் குனிந்து பூட்ஸை மாட்டி, கயிற்றை முடிச்சுப் போட்டு, நிதானமாக வேலிப் பக்கம் திரும்பினார்.

"அப்ப, உங்க வேலையெல்லாம் முடிஞ்சிருந்தா, நான் இப்ப என் கன்னுக்குட்டிய எடை போட்டுக்கலாங்களா?"